இரண்டாந்தரம்

லாங்டன் பீங்கான் ஆலையில்
இருபத்தாறு வருடம் கோப்பைகளைத் தட்டித் தட்டி
நல்லது கெட்டது பிரிக்கிறவள் நான்.
பாதிக்குப் பாதி மாட்டெலும்புச் சாம்பல்,
மீதி களிமண்ணும் கல்லும்.
விளக்குக்கு நேரே பிடித்தால்
அந்தப் பக்கத்து விரல்கள் நாலும்
நிழலாகத் தெரியவேண்டும்.
பிறகு நகத்தால் ஒரு சுண்டு.
கணீரென்றால் பெட்டிக்குப் போகும்.
டொக் என்றால்
கண்ணுக்குப் படாத கீறல் எங்கோ இருக்கிறது:
இரண்டாந்தரக் கடை, அரை விலை.

எனக்கு முப்பத்தெட்டில் நின்றது.
ஒரு மாதம் தவறியது, பிறகு மூன்று,
ஓர் ஈஸ்டருக்குப் பிறகு வரவேயில்லை.
கெவின் தொட்டில் விலை விசாரித்துவிட்டு வந்தான்.
தொட்டிலுக்கு வேலையிருக்கவில்லை.
ஆலை மேசையில் ஒரே சிரிப்பு:
"கொடுத்துவைத்தவள் லொரெய்ன்,
மாசாமாசம் காசு மிச்சம்!"
நானும்தான் சிரித்தேன்.
சிலருக்கு இப்படி முந்திக்கொள்ளும் என்று சொல்லி
டாக்டர் பெர்ச்சால் என் கோப்பை மூடிவைத்தார்.
நான் எதுவும் கேட்கவில்லை.
அவரும் எதுவும் சொல்லவில்லை.

இரவில் வேர்த்தது.
சூளைக்குப் பக்கத்தில் நிற்பவளுக்கு
வேர்வை ஒரு செய்தியா?
ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்கினேன்.
ஒருநாள் அதுவும் நின்றது.
முடிந்தது என்று நினைத்தேன்.
எலும்பு வேர்ப்பதில்லை, அதனால் தெரியவில்லை.

பதினாலு வருடம்.
பிறகு ஒரு நவம்பர் மாலை, பேருந்து நிறுத்தம்.
பனி இல்லை, அவசரம் இல்லை,
ஓர் ஈர இலை மட்டும்.
வலது கையை ஊன்றினேன்.
டொக்.
எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

"நின்ற உயரத்திலிருந்து விழுந்தால்
மணிக்கட்டு உடையக் கூடாது"
என்றாள் ஸ்கேன் எடுத்த ராபியா.
"எந்த வயதில் நின்றது உங்களுக்கு?"
முதன்முதலாக ஒருவர் கேட்டார்.
மேசையில் படுத்திருந்தேன்.
இயந்திரத்தின் கை எனக்கு மேலே மெதுவாகப் போனது,
விளக்குக்கு நேரே ஏதோ ஒன்றைப் பிடித்துப் பார்ப்பதுபோல.
மைனஸ் இரண்டு புள்ளி ஒன்பது.

எலும்பைத் தினமும் இடிக்கிறார்களாம்,
தினமும் கட்டுகிறார்களாம், உள்ளேயே.
இடிக்கிறவர்களை அதட்டிவைத்த மேஸ்திரி
எல்லோருக்கும் ஒருநாள் போவதுதானாம்.
எனக்குப் போனது முன்னால்.
ஸ்டாம்பு அளவில் ஓர் ஒட்டு உண்டாம்,
ஐம்பது ஐம்பத்தொன்று வரைக்கும்
மேஸ்திரி இடத்தில் நின்றிருக்குமாம்.
அந்த "இருக்குமாம்" என்பதை
வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மென்றேன்.

அக்கா ஹிலரிக்கு ஐம்பத்துமூன்றில்தான் நின்றது.
கடைசி மாதம்வரை திட்டித் தீர்த்தாள்,
பேரன் பிறந்த வீட்டில் இது வேறா என்று.
நான் சொன்னதற்காக அவளும் போய்ப் படுத்து எழுந்தாள்.
ஒரு குறையும் இல்லை.
என்னைவிட நாலு வயது மூத்தவள்.
அவள் எலும்பு
என் எலும்புக்குத் தங்கை.

பொறாமையா என்று கேட்டால்,
ஆமாம். கொஞ்சம்.
அவள் என் பைகளைத் தூக்கிக்கொண்டு
முன்னால் நடக்கும்போது அதிகம்.

ஞாயிறு காலை, வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை.
ஒரு தம்ளர் தண்ணீர்.
அரைமணி நேரம் படுக்கக் கூடாது,
குனியக் கூடாது, தேநீர் கூடாது.
சமையலறையில் நிமிர்ந்து நிற்கிறேன்.
"என்னடி, காவல்காரி மாதிரி"
என்கிறாள் ஹிலரி, பிஸ்கட்டைக் கடித்தபடி.

அலமாரியில் என் கோப்பை,
நானே ஒதுக்கி நானே அரை விலைக்கு வாங்கியது.
ஒன்பது வருடமாக அதில்தான் குடிக்கிறேன்,
ஒரு சொட்டு ஒழுகியதில்லை.
கடிகாரத்தில் இன்னும் பதினொரு நிமிடம்.
எடுத்து, இடது கையால்,
சுண்டிப் பார்க்கிறேன்.
டொக்.
மெதுவாகத்தான் வைக்கிறேன்,
முன்பைவிட மெதுவாக,
கைப்பிடி என் பக்கம் இருக்கும்படி.